நெடுகப் போகிறவர்களும் குறுக்கே போகிறவர்களும்

சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 64 என்ற வழிகாட்டியில் ஓர் அட்டவணை உண்டு. கிராமப்புறச் சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று அது கணக்குச் சொல்கிறது. கார் என்றால் 1. லாரியும் பஸ்ஸும் 3. டிரெய்லர் பூட்டிய டிராக்டர் 4.5. மாட்டுவண்டி 8. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 0.5. நடந்து போகிறவருக்கு அதில் வரிசையே கிடையாது. ஒரு சாலை எத்தனை வண்டியைத் தாங்கும், எப்போது அதை அகலப்படுத்த வேண்டும் என்ற முடிவுகள் இத்தகைய எண்களின் மேல்தான் நிற்கின்றன. இவை அளப்பது இடைஞ்சலை. கார் தன் போக்கில் போக மற்ற வண்டி எவ்வளவு தடையாக இருக்கிறது என்பதே கேள்வி. மாட்டுவண்டிக்காரர் எட்டுக் காரின் தொல்லை.

இந்த எண்கள் கல்லில் வெட்டியவை அல்ல என்று சென்னை ஐஐடியின் வி. தமிழ் அரசனும் அவருடைய மாணவர்களும் காட்டினார்கள். தடம் பார்க்காமல், இடைவெளி கிடைத்த பக்கம் நுழைந்து போகும் நம்மூர்ப் போக்குவரத்தைக் கணினியில் உருவகப்படுத்தி, ஒரே வண்டியின் மதிப்பு நெரிசலுக்கு ஏற்ப ஏறி இறங்குவதை நிறுவினார்கள். மேலைநாட்டுச் சூத்திரங்களை அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டிருந்த துறைக்கு அது பெரிய திருத்தம். ஆனால் அந்தத் திருத்தமும் சாலையை நெடுகத்தான் பார்த்தது.

பெரம்பலூரிலிருந்து வடக்கே சென்னைச் சாலையில் போனால் வரும் வாலிகண்டபுரத்துக்காரர்கள் சாலையைப் பார்ப்பது வேறு பக்கத்திலிருந்து. வாலீஸ்வரர் கோயிலும் பழைய பள்ளிவாசலும் உள்ள ஊர். 1751இல், ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கான போட்டியில், சந்தா சாகிப்புக்காக வந்த பிரெஞ்சுப் படையும் முகமது அலிக்காக வந்த ஆங்கிலேயப் படையும் மோதிக்கொண்டது இந்த வட்டாரத்தில், ரஞ்சன்குடிக் கோட்டையை ஒட்டி. திருச்சிக்குப் போகும் வழி இது என்பதால்தான் படைகள் இங்கே வந்து நின்றன. அந்த வழி பின்னாளில் தேசிய நெடுஞ்சாலை 45 ஆயிற்று. இப்போது அதன் எண் 38. நான்கு வழி, நடுவே மையத்தடுப்பு, வடக்கே திருமாந்துறையில் டோல்கேட். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே இரவில் ஆம்னி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த ஊர் இருப்பதே தெரியாது. ஊராருக்கோ சாலை என்பது கடக்க வேண்டிய ஒன்று. பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். மக்காச்சோளக் காடு ஒரு பக்கம், களம் ஒரு பக்கம். டவுன் பஸ் நிற்கிற இடம் எப்போதும் எதிர்ப்பக்கம். அரவைக் காலத்தில் எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வேறு.

சாலைப் பாதுகாப்பு, சைக்கிள், மக்களின் பயணப் பழக்கம் ஆகிய மூன்றையும் பற்றிய ஆய்வுகள் உலகெங்கும் மலைபோலக் குவிந்திருக்கின்றன. நெடுகவும் குறுக்கேயும் போகும் இந்த இருவகைப் பயணமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நின்று அவற்றைப் புரட்டினால், எது நமக்கு உதவும், எது உதவாது என்பது ஓரளவு தெளியும்.

எண்ணிக்கையில் தொடங்கலாம். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 4,61,312 விபத்துகள், 1,68,491 சாவுகள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. சாவில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884. தேசிய நெடுஞ்சாலையும் மாநில நெடுஞ்சாலையும் சேர்ந்து நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் ஐந்து விழுக்காட்டளவுதான். சாவில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு அவற்றில் நடக்கிறது. இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஊரகப் பகுதிகளில் இறந்தவர்கள். சென்னை அண்ணா சாலையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு வாலிகண்டபுரம் பிரிவு சாலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதை இந்த எண்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் எண்களை அப்படியே நம்பவும் முடியாது. 2019இல் தமிழ்நாட்டின் சாலைச் சாவுகள் 10,525 ஆகக் குறைந்துவிட்டதாகக் கணக்கு வந்தது. மூன்றே ஆண்டில் பெரும் சரிவு என்று பாராட்டும் விருதும் குவிந்தன. பின்னால் வந்த அரசு அறிக்கைகளில் அதே 2019க்கு எண்ணிக்கை 18,000ஐத் தாண்டி நிற்கிறது. இவ்வளவு பெரிய திருத்தம் வந்தபோது பாராட்டின் சத்தத்தில் பாதிகூடக் கேட்கவில்லை. விபத்து நடந்து முப்பது நாளுக்குள் இறந்தால் அதைச் சாலைச் சாவாகக் கொள்வது உலக வழக்கம். அந்த முப்பது நாளும் காவல் நிலையக் கோப்பும் மருத்துவமனைக் கோப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால்தான் இது சரியாக நடக்கும். டெல்லி ஐஐடியின் தினேஷ் மோகன், 2021இல் மறையும் வரை, இதைத்தான் விடாமல் சொல்லிவந்தார்: போலீஸ் கணக்கில் காயம்பட்டவர்களும் நடந்து சென்றவர்களும் குறைத்தே காட்டப்படுகிறார்கள், அந்தக் கணக்கின் மேல் கொள்கை கட்டினால் கட்டடம் கோணலாகத்தான் இருக்கும். சென்னை ஐஐடியும் தேசியத் தகவல் மையமும் சேர்ந்து உருவாக்கி 2021 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம், சம்பவ இடத்திலிருந்தே கைப்பேசியில் விவரம் ஏற்ற வழிசெய்கிறது. நல்ல முன்னேற்றம்தான்.

கோளாறு இன்னொரு இடத்திலும் இருக்கிறது. 2022இன் சாவுகளில் 71 விழுக்காட்டுக்கு அதிவேகம் காரணம் என்கிறது அறிக்கை. முதல் தகவல் அறிக்கையில் எழுதுகிற ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற வாசகம்தான் பெரும்பாலும் புள்ளிவிவரமாக மறுபிறவி எடுக்கிறது. சட்டப்பிரிவு ஓட்டுநரின் குற்றத்தைக் கேட்கிறது, காவலர் அதற்கு விடை எழுதுகிறார். அந்த இடத்தில் விளக்கு எரிந்ததா, பஸ் நிறுத்தம் எங்கே இருந்தது, கடப்பதற்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இருந்தாலும் வழக்குக்கு அது தேவைப்படுவதில்லை.

வேகம் என்பதே பொய்க் காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை. சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சியில் மிக உறுதியாக நிறுவப்பட்ட உண்மை வேகத்தைப் பற்றியதுதான். சுவீடனின் யோரான் நில்சன் வகுத்த சூத்திரப்படி, ஒரு சாலையின் சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் சாவுள்ள விபத்துகள் சுமார் நான்கு விழுக்காடு கூடும். வேகத்தின் நான்காம் அடுக்கு. நார்வேயின் ரூனே எல்விக் பிற்பாடு இதைச் செப்பம் செய்தார். தொடக்க வேகத்தைப் பொறுத்து விளைவு மாறும் என்றார். அடிப்படை அசையவில்லை.

இதை நம் சாலையில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2018இல் ஒன்றிய அரசு நான்குவழிச் சாலையில் கார்களுக்கு மணிக்கு 100 கி.மீ., விரைவுச்சாலையில் 120 கி.மீ. என்று உச்ச வேகத்தை உயர்த்தியது. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. ஊர்களை ஒட்டிய பத்துக் கிலோமீட்டரை 100 வேகத்தில் கடக்க ஆறு நிமிடம். 80இல் ஏழரை நிமிடம். வேறுபாடு ஒன்றரை நிமிடம். சராசரி வேகம் உண்மையிலேயே 100இலிருந்து 80க்கு இறங்கினால், நில்சன் சூத்திரம் சாவுகள் பாதிக்கும் கீழே குறையும் என்கிறது. ஒன்றரை நிமிடத்தை இழப்பவர் ஒருவர், பிழைப்பவர் வேறொருவர். அதனால்தான் எந்த நாட்டிலும் இந்தப் பேரம் எளிதாகப் படிவதில்லை.

கடக்கிறவர் பக்கமிருந்து அதே கணக்கு: ஒரு திசைக்கான இரண்டு தடங்கள் ஏழு மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கிற ஆளுக்கு ஆறு நொடி பிடிக்கும். 100 வேகத்தில் வரும் கார் அந்த ஆறு நொடியில் 160 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். வருகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கண் ஓரளவு கணிக்கும். எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதைக் கணிப்பதில் தடுமாறும் என்று சாலை கடப்போரைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. குழந்தைகளும் முதியவர்களும் தூரத்தை மட்டுமே நம்பி இறங்குகிறார்கள். பழைய இருவழிச் சாலையில் அறுபதில் வந்த பஸ்ஸைப் பார்த்துப் பழகிய கண், அதே தூரத்தில் தெரியும் காரையும் அப்படியே எடைபோடுகிறது. ‘பார்த்துப் போகக் கூடாதா’ என்று கேட்பது சுலபம். அவர் பார்த்துத்தான் இறங்கியிருப்பார்.

ராங் சைடில் வருகிற டூவீலர் விஷயமும் இப்படித்தான். சாலைக்கு வந்ததும் வலப்பக்கம் அரை கி.மீ. தள்ளி ஒருவருடைய வயல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மையத்தடுப்பில் திரும்பும் இடம் இடப்பக்கம் இரண்டு கி.மீ. தள்ளி இருந்தால், சட்டப்படி போக நாலரை கி.மீ.க்கும் மேல்; எதிர்த்திசையில் ஓரமாக ஒதுங்கிப் போனால் அரை கி.மீ. பெட்ரோல் விலையையும் சேர்த்து யோசித்தால் அவர் எடுப்பது கணக்குத் தெரிந்தவரின் முடிவு. மையத்தடுப்பு போட்ட சாலைகளிலும் நேருக்கு நேர் மோதல்கள் கணிசமாக நடப்பதை டெல்லி ஐஐடியில் கீதம் திவாரியும் சக ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள்; உள்ளூர்ப் போக்குவரத்துக்குத் தொடர்ச்சியான அணுகுசாலை இல்லாததோடு அதை இணைக்கிறார்கள். மோதலைத் தவிர்க்கப் போட்ட தடுப்பே வேறு வகை மோதலுக்கு வழிவிட்டிருக்கிறது. அணுகுசாலை இருக்கிற இடங்களிலும் மக்காச்சோளம் காய்கிறது, லாரிகள் ஓய்வெடுக்கின்றன. மக்காச்சோளத்தில் முன்னணியில் நிற்கும் மாவட்டத்தில் போதிய உலர்களம் இல்லையென்றால் தார்ச்சாலைதான் களம். இரவில் பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டர் நிற்பதும், வேகமாக வந்த கார் பின்னால் போய்ச் செருகுவதும் செய்தித்தாளில் ஆண்டுதோறும் வருகிற செய்தி.

அரியலூர்ப் பக்கம் கதை கொஞ்சம் மாறும். அங்கே சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் ஊர்ச்சாலைக்குள்ளேயே கனரக லாரிகளைக் கொண்டுவந்து விட்டன. நெடுகப் போகிறவர் ஊருக்குள் நுழைந்துவிட்டார். பள்ளி நேரத்தில் லாரிகளை நிறுத்துங்கள் என்பது அங்கே பழைய கோரிக்கை. நேரத்தைப் பிரித்துக் கொடுப்பதும் ஒரு பொறியியல் தீர்வுதான், அதற்குச் சிமென்டும் வேண்டாம்.

இனி சைக்கிள். இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு உலகம் திரும்பிப் பார்த்த ஓர் அத்தியாயம் இருக்கிறது. அது நடந்தது பக்கத்து வட்டாரமான புதுக்கோட்டையில். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தோடு, அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் அந்த அலையில் சேர்ந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். கம்பி இருந்தால் குழந்தையை முன்னால் உட்கார வைக்கலாம் என்று பலர் ‘ஜென்ட்ஸ் சைக்கிளை’யே விரும்பியதையும் அவர் குறித்திருக்கிறார். நித்யா ராவ் பின்னர் செய்த ஆய்வு, தண்ணீர் எடுப்பதிலிருந்து விளைபொருள் விற்பது வரை அந்தச் சைக்கிள் எங்கெல்லாம் போனது என்று தொடர்ந்தது. போக்குவரத்துப் பொறியியல் நூல்களில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. எழுத்தறிவு, பெண் விடுதலை என்ற தலைப்புகளில் போய்ச் சேர்ந்துவிட்டது. துறைக்குத்தான் நஷ்டம்.

பிறகு வந்தது விலையில்லா சைக்கிள். தமிழ்நாட்டில் 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்தது. இத்தகைய திட்டத்தின் பலனைக் கறாராக அளந்தது பீகாரில்தான். 2006இல் அங்கே தொடங்கிய திட்டத்தைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு கூடியதாகவும், ஆண்-பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததாகவும் கண்டார்கள். பள்ளி தொலைவில் உள்ள ஊர்களில் பலன் அதிகம்.

ஒரு கை சைக்கிளைக் கொடுத்தது. இன்னொரு கை அந்தச் சைக்கிள் கடக்க வேண்டிய சாலையில் வேகத்தை ஏற்றியது. இரண்டு துறைகளும் ஒருமுறைகூட ஒரே மேசையில் உட்கார்ந்ததாகத் தெரியாத அளவுக்கு இரண்டும் தனித்தனியே நடந்தன. சைக்கிள் தடத்துக்கென்று சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 11 என்ற வழிகாட்டி 1962 முதலே இருக்கிறது, 2015இல் திருத்தமும் கண்டது. நூல் இருக்கிறது, தடம் எங்கே என்று கேட்டால் நகரத்தின் சில கடற்கரைச் சாலைகளைக் காட்டுவார்கள்.

2022இன் சாவுகளில் சைக்கிளில் சென்றவர்கள் மூன்று விழுக்காட்டளவு. பார்ப்பதற்குச் சிறிய பங்கு. சைக்கிள் பாதுகாப்பாகிவிட்டது என்று இதைப் படிக்கலாம். ஆபத்துக்குப் பயந்து ஆட்கள் சைக்கிளை விட்டுவிட்டார்கள் என்றும் படிக்கலாம். எத்தனை பேர் எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்ற வகுத்தி இல்லாமல் எது சரி என்று சொல்ல வழியில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு வீடுகளில் 45 விழுக்காட்டில் சைக்கிள், 32 விழுக்காட்டில் இருசக்கர மோட்டார் வண்டி. அதற்குப் பிறகு இரண்டாவது முதலாவதை எப்படி விழுங்கியது என்று எந்தத் தெருவைப் பார்த்தாலும் தெரியும். பி. எல். ஜேக்கப்சன் 2003இல் காட்டியது போல, ஓர் ஊரில் சைக்கிள் ஓட்டுவோர் கூடக்கூட ஒவ்வொருவருக்குமான ஆபத்து குறைகிறது. திருப்பிப் போட்டால், மிச்சமிருக்கிற ஒருவர் இருவருக்குத்தான் ஆபத்து அதிகம். அந்த மிச்சப் பேர் பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும்.

நெதர்லாந்து பிறவியிலேயே சைக்கிள் நாடு என்று ஒரு நம்பிக்கை உண்டு. 1971இல் அங்கே 3,300 பேர் சாலையில் செத்தார்கள், நானூறுக்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கி ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று போராடிய பிறகுதான் தடங்கள் வந்தன. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக இயன் வாக்கர் 2007இல் செய்த ஆய்வு வேறு வகை. தானே சைக்கிளில் போய், தன்னை முந்தும் வண்டிகள் விடும் இடைவெளியை அளந்தார். ஹெல்மெட் போட்டபோது வண்டிகள் இன்னும் நெருங்கின. நீளமுடி விக் வைத்துப் பெண்போலப் போனபோது விலகிப் போயின! பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் ஹெல்மெட் பகுதியை மறுத்தார்கள். ஆனால் ஓட்டுநர் எதிரே இருப்பவரைப் பார்த்து நடத்தையை மாற்றுகிறார் என்ற கேள்வி நமக்கும் பயன்படும். வேட்டி கட்டிய முதியவரின் சைக்கிளுக்கு நம் லாரிகள் எவ்வளவு இடம் விடுகின்றன என்று அளப்பதற்கு ஓர் உணரியும் ஒரு மாத உழைப்பும் போதும்.

பயணப் பழக்க ஆராய்ச்சி இந்தியாவில் ஏறக்குறைய முழுக்க நகரத்துக்குரியது. தமிழ் அரசன், ரெங்கராஜு, கிருஷ்ண ராவ் மூவரும் இந்திய நகரம் ஒன்றின் நடை, சைக்கிள் பயணங்களைப் பற்றி 1994இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்று. 2011 கணக்கெடுப்புதான் வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று நாடு முழுக்கக் கேட்டு விடை வெளியிட்டது. அந்த அட்டவணை ‘பிற தொழிலாளர்’களுக்கு மட்டும். சாகுபடி செய்பவரும் விவசாயக் கூலியும் அதில் இல்லை. பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டை வட்டாரத்தில் இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டால் காலையில் சாலையில் மிச்சமிருப்பது யார்? பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் சரக்கு ஆட்டோவிலும் டாடா ஏஸிலும் நெருக்கியடித்து நின்றுகொண்டு போகிற பெண்கள் எந்தப் பயண அட்டவணையிலும் இல்லை. அந்த வண்டி கவிழ்ந்தால் மட்டும் விபத்து அட்டவணையில் வருவார்கள்.

2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு ஒன்று கண்டது. பணத்தை அளந்தார்கள், நல்லது. கூடுதலாகப் பயணம் செய்யும் பெண்கள் கூடுதலாகச் சாலையையும் கடக்கிறார்கள் என்பது என் ஊகம். போகும்போது ஒரு பக்கம் ஏறினால் வரும்போது எதிர்ப்பக்கம் இறங்கியே ஆக வேண்டும். பஸ் நிறுத்தத்தையும் கடக்கும் இடத்தையும் சேர்த்துத் திட்டமிடாத சாலையில் இலவசப் பயணத்தின் கடைசி ஐம்பது மீட்டர் ஆபத்தானது.

நடவடிக்கைகளைப் பொறுத்தவரை, தமிழ்நாடு சோம்பியிருந்தது என்று சொன்னால் அநியாயம். உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2014இல் பிறந்ததற்குக் காரணமான பொதுநல வழக்கைத் தொடுத்தவர் கோவையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். நெடுஞ்சாலை மதுக்கடைகளை 500 மீட்டருக்கு அப்பால் தள்ளிய 2016 டிசம்பர் தீர்ப்பும் கே. பாலு தொடுத்த தமிழ்நாட்டு வழக்கிலிருந்து வந்ததுதான். 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’, முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வழிசெய்தது. இவை எல்லாம் அடிபட்ட பிறகு உயிர் காக்கும் வேலைகள், அல்லது குடித்துவிட்டு ஓட்டுகிறவரைத் தடுக்கும் வேலைகள். சாலையின் உருவத்தில் கைவைத்தவை குறைவு.

உருவத்தில் கைவைக்க நமக்கிருக்கும் முக்கியக் கருவி கரும்புள்ளி. ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்தில், மூன்று ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ உள்ள ஐந்து விபத்துகள், அல்லது பத்துச் சாவுகள் நடந்தால் அது கரும்புள்ளி. அதன் பிறகு ஆய்வு, பேரிகார்டு, சில இடங்களில் மேம்பாலம். நான்கு விபத்து நடந்த பிரிவு சாலை பட்டியலுக்கு வெளியே நின்று ஐந்தாவதுக்குக் காத்திருக்க வேண்டும். சுவீடன் ஆய்வாளர்கள் வளர்த்த மோதல் நெருக்க முறைக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம். ஒருவர் கடந்து போன இடத்துக்கு எத்தனை நொடி கழித்து அடுத்த வண்டி வந்தது என்று காணொளியில் அளப்பார்கள். ஒன்றரை நொடிக்கும் குறைவானவை ஒரு நாளில் எத்தனை என்று எண்ணினாலே இடத்தின் ஆபத்து தெரிந்துவிடும். யாரும் சாக வேண்டியதில்லை. 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 198ஏ என்ற பிரிவையும் சேர்த்திருக்கிறது: வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை சிறிது. ஆனால் அந்தப் பிரிவைப் பயன்படுத்தவும் சான்று வேண்டும், அந்தச் சான்றை இப்படிப்பட்ட அளவீடுதான் தரும்.

2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானது முதல், திருமாந்துறை டோல்கேட்டில் கட்டணம் கட்டித் தாண்டும் ஒவ்வொரு வண்டியும் எந்த வகை, எந்த நொடியில் போனது என்பது பதிவாகிறது. குறுக்கே போகிறவர் கட்டணம் கட்டுவதில்லை, ஆகவே பதிவும் இல்லை. பெரம்பலூர், அரியலூர், திருச்சி வட்டாரத்தில் கட்டடப் பொறியியல் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கொரு புராஜெக்ட் தேடி அலைகிறார்கள். வாலிகண்டபுரம் முதல் பாடாலூர் வரை ஒவ்வொரு பிரிவு சாலையிலும் காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை, நடந்து, சைக்கிளில், டூவீலரில், டிராக்டரில், ஆட்டோடு மாடோடு கடப்பவர்களை வயதும் பாலினமும் குறித்து எண்ணட்டும். பள்ளி நடக்கிற ஒரு சாதாரண நாள், எறையூர் ஆலையில் அரவை நடக்கிற ஒரு நாள், சமயபுரத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் போகிற வாரத்தில் ஒரு நாள் என்று மூன்று நாள் எடுத்தாலே முதல் அட்டவணை கிடைத்துவிடும்.